சிறுநீரில் போதைப்பொருளின் சுவடு மட்டும் இருந்தால், போதையில் வண்டி ஓட்டியதாகத் தண்டிக்க முடியுமா?

ஆம்பூரிலிருந்து சென்னைக்குத் தோல் ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநரான உங்கள் அண்ணனைப் பள்ளிகொண்டா அருகே வாகனத் தணிக்கையில் நிறுத்தியதாகவும், சிறுநீரில் கஞ்சாவின் சுவடு இருந்ததாக வழக்குப் பதிவாகியிருப்பதாகவும், அன்று அவர் எதையும் தொடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆம் பிரிவு இரண்டு கிளைகளாக இருக்கிறது. மதுவுக்கு ஓர் எண் உண்டு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால், ஓட்டுநர் எவ்வளவு நிதானமாக இருந்தாலும் குற்றம் உறுதியாகிவிடுகிறது. மற்றப் போதைப்பொருள்களுக்கு அப்படி எந்த எண்ணையும் அந்தப் பிரிவு வைக்கவில்லை; வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அந்தப் பொருளின் பிடியில் இருந்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஆகவே, சுவடு இருந்தது என்பதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் வழக்கின் பாதிதான் நிரூபணமாகிறது.

கஞ்சாவைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிக முக்கியம். மயக்கம் தரும் மூலப்பொருள் புகைத்த சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். சிறுநீரில் வழக்கமாகக் கண்டறியப்படுவதோ உடல் அதைச் சிதைத்த பின் எஞ்சும், போதை தராத ஒரு கழிவுப்பொருள். எப்போதாவது பயன்படுத்துபவரிடம் அது சில நாட்களும், அன்றாடம் பயன்படுத்துபவரிடம் வாரக்கணக்கிலும் தங்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் எச்சம் இருந்தாலே குற்றம் என்று சொல்லும் கடுமையான சட்டம் உண்டு. அங்கேகூட இந்தக் கழிவுப்பொருளை மட்டும் வைத்துத் தண்டிக்க இயலாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும், ‘கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு’ என்று நம் பிரிவே வெளிப்படையாகக் கேட்கும்போது நமது வாதம் இன்னும் வலுவாகவே நிற்கும்.

எனவே ஆய்வக அறிக்கையைப் பார்த்துக் கலங்குவதற்கு முன், கைதான சில மணி நேரத்தில் எழுதப்பட்ட தாள்களைப் பெறுங்கள். 185-இன் கீழ்க் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பரிசோதனையில் நடை, பேச்சு, கண்மணி, நாடித்துடிப்பு, கேள்விக்குப் பதில் சொன்ன விதம் ஆகியவற்றை மருத்துவர் என்னவென்று குறித்திருக்கிறார் என்பதில்தான் இத்தகைய வழக்கின் உயிர் இருக்கிறது. நடை தடுமாறவில்லை, பேச்சு தெளிவு என்று அவர் எழுதியிருந்தால், பின்னர் வரும் எந்த ஆய்வக அறிக்கையாலும் அதை எளிதில் அழிக்க முடியாது. வண்டி தாறுமாறாக ஓடியதா, அல்லது வழக்கமான தணிக்கையில்தான் நிறுத்தப்பட்டதா என்பதை முதல் தகவல் அறிக்கையில் பாருங்கள்; சுங்கச்சாவடிக் கேமராப் பதிவும் லாரியின் ஜி.பி.எஸ். பதிவும் அழிவதற்குள் அவற்றைக் கேட்டு மனு செய்யுங்கள்.

அடுத்ததாக, மாதிரி எடுத்த நேரம், முத்திரை, ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனை முதற்கட்டச் சோதனை மட்டுமே; கருவிவழி உறுதிச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். ஓபியம் வகைப் பொருளாக இருந்தால், கோடீன் கலந்த இருமல் மருந்தும், நம் வீட்டுக் குருமாவில் சேரும் கசகசாவும்கூடச் சுவடு காட்டக்கூடும். கசகசாவின் காரணமாகவே அமெரிக்காவில் பணியிடச் சோதனைக்கான வரம்பை 1998-இல் மில்லி லிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தினார்கள். ஆனால் மருத்துவரின் சீட்டு சுவடு வந்த வழியை விளக்குமே ஒழிய, தூக்கக் கலக்கத்தில் ஓட்டியதை மன்னிக்காது.

ஓர் எச்சரிக்கை. “மூன்று நாளைக்கு முன்தான் புகைத்தேன், அன்று இல்லை” என்று எங்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம். கஞ்சாவை உட்கொள்வதே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைக்கோ, 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய தனிக் குற்றம். ஒரு வழக்கிலிருந்து தப்ப இன்னொன்றுக்கு வாக்குமூலம் கொடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் அது உறவினர்களின் நல்லெண்ண ஆலோசனையால் நடப்பதுதான் வருத்தம்.

185-இல் முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று சொல்பவர்கள், ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகும் என்பதையும், இரண்டாம் முறை 2 ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் சொல்வதில்லை. மேலும், காவல் துறை ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி உரிம அதிகாரிக்கு அனுப்பும். அங்கே தகுதி நீக்க நடவடிக்கை தனியாக நடக்கும். ஓட்டுநருக்கு அதுவே பிழைப்பு என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால், நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திராமல், மருத்துவச் சான்றின் நகலை இணைத்துக் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.