மச்சாளுக்கு ஹெப்படைற்றிஸ் சி: சீதனக் காணியை இப்போதே விற்க வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 49. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிழமைக்கு இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிறார். அவருடைய தங்கை, அதாவது என் மச்சாள், சிறுநீரகம் தர முன்வந்தார். இரத்தப் பிரிவும் பொருந்தியது. ஆனால் முதற்கட்டப் பரிசோதனையில் ஹெப்படைற்றிஸ் சி என்ற ஈரலைத் தாக்கும் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரி அவருடைய இரத்தத்தில் இருப்பதாக வந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் மகன், அங்கே தொற்றுள்ள சிறுநீரகத்தையே பொருத்திவிட்டுப் பிறகு மருந்து கொடுக்கிறார்கள் என்கிறான். இங்கே ஒரு தரகர், இந்தியாவில் 'சுத்தமான' சிறுநீரகம் எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். நான்கு மாதத்தில் முதிரும் 30 இலட்சம் ரூபா நிலையான வைப்பு, 14 பவுண் நகை, கோண்டாவிலில் என் சீதனக் காணி ஆகியவை எங்களிடம் உள்ளன. காணியை உடனே விற்றுவிடலாமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, காணியை விற்க வேண்டாம், வைப்பை உடைக்க வேண்டாம், தரகருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நீங்கள் இப்போது செலவழிக்க வேண்டியது ஒரேயொரு பரிசோதனைக்கு மட்டுமே. பிறபொருளெதிரி இருப்பது, அந்தக் கிருமி எப்போதோ உடலுக்குள் வந்தது என்பதைத்தான் காட்டும். இன்றும் இருக்கிறதா என்பதைக் காட்டாது. தொற்றியவர்களில் ஏறக்குறைய 10 பேருக்கு 3 பேர் மருந்தே இல்லாமல் முதல் ஆறு மாதங்களுக்குள் கிருமியை வென்றுவிடுகிறார்கள். ஆனாலும் பிறபொருளெதிரி அவர்களுடைய இரத்தத்தில் தங்கிவிடும். வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.யை இரத்தத்தில் நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை மச்சாளுக்குச் செய்யப்பட்டதா என்று சிறுநீரக வைத்திய நிபுணரிடம் கேளுங்கள். அதில் கிருமி இல்லை என்று வந்தால், தானத்துக்கான மற்றப் பரிசோதனைகளை வைத்தியர்கள் தொடர்வதற்கு இது பெரும்பாலும் தடையாகாது.

கிருமி இருக்கிறது என்று வந்தாலும் வழி அடைபடவில்லை. 2013இல் சோபொஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அறிமுகமானபோது 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டொலர் விலை வைத்தார்கள். ஹெப்படைற்றிஸ் சி என்றால் சொத்தெல்லாம் கரைந்துவிடும் என்ற பயம் பலரிடம் அந்தக் காலத்திலிருந்தே நிற்கிறது. 2014இல் இந்திய மருந்து நிறுவனங்கள் உரிமம் பெற்று அதே மருந்தைத் தயாரிக்கத் தொடங்கிய பின், அதன் விலை அந்தத் தொகையின் மிகச் சிறிய பங்காகக் குறைந்தது. இன்றைய மாத்திரைகளை 8 அல்லது 12 வாரங்கள் எடுப்போரில் 100க்கு 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமடைகிறார்கள். மருந்து முடிந்து 12 வாரங்கள் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பார்த்து, கிருமி இல்லை என்றால்தான் குணமடைந்ததாகக் கொள்வார்கள். ஈரலில் தழும்பு எவ்வளவு உண்டு என்பதையும் அளப்பார்கள். தழும்பு முற்றியிருந்தால் மச்சாள் தானம் செய்ய முடியாது. சிகிச்சைக் காலத்தையும் அதன் பின்னான 12 வாரங்களையும் சேர்த்தால், நீங்கள் திட்டமிட வேண்டியது ஏறக்குறைய ஆறு மாதக் காத்திருப்புக்கு.

மருமகன் சொல்வது பொய்யல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழக வைத்தியர்கள் தொற்றுள்ளவர்களின் சிறுநீரகங்களை 10 பேருக்குப் பொருத்தி, மருந்து கொடுத்து, அத்தனை பேரையும் தொற்றிலிருந்து குணப்படுத்தியதை 2017இல் வெளியிட்டார்கள். ஆனால் அவை இறந்தவர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகங்கள். அவற்றைக் காக்க வைக்க முடியாது. உயிரோடு இருக்கும் மச்சாள் காத்திருக்கலாம், முதலில் தானே குணமாகலாம். கணவரின் உடலுக்குள் தொற்றைக் கொண்டுபோனால், பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்கும் டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளின் அளவைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டி வரும். அதற்கான பரிசோதனைச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். முடிவு வைத்தியருடையது. ஆனால் அந்த முறையை நம்பி இப்போது பணம் திரட்டத் தேவையில்லை.

தரகர் விடயத்தில் நான் கடுமையாகவே சொல்கிறேன். உறுப்பை விற்பதும் வாங்குவதும் இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நெருங்கிய உறவினர் அல்லாத இந்தியர் ஒருவர் வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் கொடுக்க அங்கே அனுமதியும் இல்லை. சட்டவிரோதமான பேச்சுக்குக் கட்டிய முற்பணத்தை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பீர்கள்? 'சுத்தம்' என்ற உறுதியும் வெறும் வாய்ச்சொல். 2007இல் சிகாகோவில், அண்மையில்தான் தொற்றுக்குள்ளான ஒருவரின் உறுப்புகள் பரிசோதனையில் பிழையில்லை என்று வந்து, அவற்றைப் பெற்ற நான்கு பேருக்கும் எச்.ஐ.வி.யும் ஹெப்படைற்றிஸ் சியும் தொற்றின. முறையான வைத்தியசாலையிலேயே அது நடந்தது. வறுமையால் தன் நோயை மறைத்து விற்க வருபவரைப் பற்றித் தரகர் தரும் உத்தரவாதத்தை எப்படி நம்புவது?

இனிப் பணம். கண்டி, கொழும்பு அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனைகள், பயணம், துணைக்கு நிற்பவரின் தங்குமிடம், மச்சாள் வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம் ஆகியவைதான் உங்கள் செலவு. சிறுநீரக மாற்றுக்குச் சனாதிபதி நிதியம் உதவுகிறது. பிரதேச செயலகத்தில் இப்போதே விசாரியுங்கள். வைப்பு முதிர்ந்ததும் முழுவதையும் ஒரே தவணையில் போடாமல் ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று பிரித்துப் போடுங்கள். அதற்கு முன் அவசரம் வந்தால், வைப்பை உடைத்து வட்டியை இழப்பதைவிட வங்கியில் அதன் மீதே குறுகிய காலக் கடன் எடுப்பது பெரும்பாலும் இலாபம். இரண்டு கணக்கையும் எழுதித் தரச் சொல்லி ஒப்பிடுங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டும் நகையை அடகு வையுங்கள்.

உங்கள் குடும்பத்தின் பெரிய செலவு ஹெப்படைற்றிஸ் சியும் அல்ல, சத்திரசிகிச்சையும் அல்ல. அதன் பின் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய நிராகரிப்புத் தடுப்பு மருந்துகளே பெரிய செலவு. கிளினிக்கில் அவற்றை இலவசமாகத் தந்தாலும், தட்டுப்பாடு வரும் மாதத்தில் வெளியே வாங்கத்தான் வேண்டும். ஒரு வேளையும் தவறவிட முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது இறக்குமதி மருந்துகளின் விலை எப்படிப் போனது என்பது உங்களுக்கே தெரியும். மருந்தகத்தில் ஒரு மாதச் செலவைக் கேட்டு, குறைந்தது ஒரு வருடத்துக்கான தொகையை வைப்பில் தொடாமல் வையுங்கள்.

காணி அதற்கும் பின்னால் நிற்கட்டும். அவசரத்தில் விற்பவரின் காணிக்கு யாரும் முழு விலை கொடுப்பதில்லை. தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு நீங்கள் உட்பட்டவர் என்றால், உங்கள் சீதனக் காணியாக இருந்தாலும் அதை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. பிரிக்கப்படாத பங்கு என்றால் மற்றப் பங்காளருக்கு முன்கொள்வனவு உரிமையும், அதாவது பிறருக்கு முன் அதை வாங்கும் உரிமையும், உண்டு. ஆகையால் விற்காவிட்டாலும், கணவர் தெளிவாக இருக்கும்போதே நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டி, வேண்டிய பத்திரங்களைத் தயார் செய்யுங்கள்.

மச்சாளின் சிகிச்சைச் செலவை வேறாக எடுத்து வையுங்கள். பரிசோதனைகளின் முடிவில் அவர் தானம் செய்ய முடியாது என்று வந்தாலும், இடையில் அவரே மனம் மாறினாலும், தொடங்கிய மருந்தை முடிப்பதற்கான பணம் அவர் கையில் இருக்க வேண்டும். அதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.