வாசலில் இருக்கும் சரக்கொன்றை ரொம்ப உயரமாகிவிட்டது, மழைக்கு முன் பாதியாக வெட்டிவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். "புயல் வந்தா உங்க மரம் எங்க மாடியிலதான் விழும்" என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தியிருப்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு, எங்கள் தெருவில் மிஞ்சிய மரங்களையெல்லாம் பயத்தில் மொட்டையடித்துவிட்டார்கள். எங்கள் கொன்றையை மட்டும் மொட்டையடிக்க நான் விடவில்லை. மொட்டையடித்த மரங்கள் கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, சில வருடங்களில் பழைய உயரத்துக்கே வந்துவிட்டன. அந்தப் போத்துகள் பட்டைக்கு அடியிலிருந்து கிளம்பியவை, பிடிமானம் கிடையாது. வெட்டிய கட்டையும் உள்ளே மக்க ஆரம்பித்துவிடும். அடுத்த காற்றுக்கு முதலில் ஒடிவது அவைதான்.

என் மரத்தில் எடுத்தது காய்ந்த கிளைகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்த ஒரு தடித்த கிளை. அவ்வளவுதான். வேலைக்கு வந்த அண்ணன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "ஒரே போடு போட்டா விழுந்துரும்மா" என்று அரிவாளை ஓங்கினார். "இல்லண்ணே, முதல்ல அடியில அறுங்க" என்று ரம்பத்தைக் கொடுத்தேன். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் தனியாக விழும். மிஞ்சும் துண்டைக் கடைசியில் எடுக்கலாம். அதை எங்கே அறுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கிளை பிறக்கும் இடத்தில் பட்டை சுருங்கி வளையமாக மேடு தட்டியிருக்கும், தடவினால் கைக்கே தெரியும். அந்த மேட்டைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும். மேட்டோடு செதுக்கினால் காயம் அடிமரத்துக்குப் போகும். நீளமாக விட்டால் கட்டை மக்கும். எங்கள் மரத்தில் அந்த இடத்தைச் சுற்றிப் புதுப் பட்டை சுருண்டு வந்து மூடிவிட்டது. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் கட்டை தெரிகிறது.

அறுத்த இடத்தில் தார் பூசலாம் என்றார் அந்த அண்ணன், மறுத்துவிட்டேன். அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்தவர். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, அழுகல் பரவாமல் உள்ளேயே தடுப்பு எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று காட்டினார். மேலே பூசுவது அதற்கு உதவாது.

"நீங்க தோட்டக்கலை படிச்சவங்களா?" என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை, செய்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். "எங்க செம்பருத்தியையும் காகிதப்பூவையும் ஒட்ட வெட்டினேன், பிரமாதமா பூத்துச்சே" என்பீர்கள். பூக்கும், அவை புதுத் துளிரில் பூப்பவை. கொன்றை பழைய கிளையில் சித்திரைக்குச் சரம் விடும் மரம். புரட்டாசியில் மொட்டையடித்தால் அடுத்த சித்திரைப் பூவை மறந்துவிட வேண்டியதுதான். மின்கம்பியைத் தொடும் மரம் வேறு விஷயம், அதில் நீங்களாகக் கை வைக்கவே கூடாது.

பூ என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் தொரட்டியும் பிளாஸ்டிக் பையுமாக நடைப்பயிற்சிக்கு வருகிறார்களே, அவர்களை யார் கேட்பது? மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கும் நந்தியாவட்டையில் ஒரு மொட்டைக்கூட விடுவதில்லை. கேட்டால் "சாமிக்குத்தானே" என்கிறார்கள். மணியடித்துக் கேளுங்கள், நானே பறித்துத் தருகிறேன். கிளையை இழுத்து முறித்து, பட்டை கிழிந்து தொங்க விட்டுப் போவது என்ன பக்தி?

உங்கள் மரத்துக்கு வருகிறேன். மழைக்கு முன் காய்ந்த கிளைகளை மட்டும் எடுங்கள், அதற்கு மாதம் பார்க்க வேண்டாம். பச்சைக் கிளைகளைப் பூ முடிந்ததும் ஆனியில் எடுக்கலாம், அதுவும் ஒரு வருடத்தில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். உயரம் குறைய வேண்டுமென்றால், நெட்டையாகப் போகும் கொம்பை ஒரு பக்கக் கிளை பிரியும் இடம் வரை இறக்கி அறுக்கச் சொல்லுங்கள். அந்தக் கிளை கொம்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஆளிடம் மொத்தமாகப் பேசாமல் நாள் கூலிக்குப் பேசுங்கள், மொத்தம் என்றால் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்.