நிலவேம்புச் சாறு: டிபிபிஎச் சோதனையில் மைனஸ் மதிப்பு

வணக்கம். டிபிபிஎச் என்பது ஊதா நிறப் பொருள்; ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் அதன் நிறத்தை மங்கச் செய்யும், எவ்வளவு மங்கியது என்பதே தடுப்பு விழுக்காடு. நிலவேம்பு இலையின் மெத்தனால் சாற்றில் செறிவு கூடக் கூடத் தடுப்பு விழுக்காடு குறைந்து, 1000 மைக்ரோகிராமில் மைனஸுக்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் காரணம் பச்சையம்தான். குவெட்டை (கருவியில் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியை) வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: ஊதா மங்கியிருக்கும், கரும்பச்சை அப்படியே நிற்கும். அந்த நிறமும் கலங்கலும் 517 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுகின்றன. கருவி அதையும் டிபிபிஎச் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனி பிளாங்க் (கழிப்பதற்கான ஒப்பீட்டுக் கரைசல்) வையுங்கள்: 1 மி.லி. சாறு, 3 மி.லி. மெத்தனால், டிபிபிஎச் கூடாது. அதன் அளவீட்டைக் கழித்த பிறகே விழுக்காடு போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மெத்தனால் பிளாங்க் வைத்தால் இந்தப் பிழை தீராது. சாற்றை முதலில் சென்ட்ரிஃபியூஜில் தெளிய வையுங்கள்.

டிபிபிஎச் 3.94 மி.கி.யை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். அன்றன்று தயாரித்து ஃபாயில் சுற்றுங்கள். கலந்தபின் 30 நிமிடம் இருட்டில் இருக்கட்டும். சாறில்லாத கன்ட்ரோலின் ஒளி உறிஞ்சல் அளவீடு 0.8 அருகே வர வேண்டும். வெகுவாகக் குறைந்தால் கரைசல் பழையது, அல்லது எடையில் தவறு. நீர்ச்சாறு கலப்பதானால் கவனம்: தண்ணீர் மிகுந்தால் டிபிபிஎச் திரிந்து கலங்கும்.

திருத்திய பிறகும் விழுக்காடு, ஒப்பீட்டுக்கு வைக்கும் அஸ்கார்பிக் அமிலத்தைவிட மிகக் குறைவாக வந்தால் பதறாதீர்கள். கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடில், டிபிபிஎச்சின் நிறத்தை மங்கச் செய்யும் பீனால் தொகுதியே இல்லை. இந்தச் சோதனையில் அது பெரிதாக வேலை செய்யாது.