ஹைட்ரஜனில் ஃபர்னஸ் ஓட்டலாமா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

பீன்யாவில் ஃபோர்ஜிங் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போதுள்ள பி.என்.ஜி. (குழாய் வழி இயற்கை எரிவாயு) பர்னரிலேயே ஹைட்ரஜன் விடலாமா?

கூடாது. அதே வெப்பத்துக்குச் சுமார் மூன்று மடங்கு கன அளவு வேண்டும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் ஹைட்ரஜனில் தீ பரவும் வேகம் மீத்தேனைப் போல ஏழு மடங்கு. காற்றும் எரிவாயுவும் முன்பே கலந்து வரும் பிரீமிக்ஸ் பர்னரில் தீ பின்னுக்கு, பர்னருக்குள்ளேயே ஏறிவிடும். பர்னர், வால்வு, கன்ட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன், வெளியேறும் புகையின் சூட்டில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் ரெகுப்பரேட்டர் இருக்கிறதா? 1,200 டிகிரியில் அது இல்லாமல் ஓட்டினால் எரிவாயுக் காசில் பாதிக்கு மேல் சிம்னி வழியே போகிறது.

20 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தால் கார்பனும் 20 சதவீதம் குறையும் என்கிறார் எங்கள் ஆலோசகர். சரியா?

இந்தக் கணக்கை இன்னும் எத்தனை பேர் தலையில் கட்டுவார்களோ! அந்த 20 கன அளவில். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் 11 மெகாஜூல், இயற்கை எரிவாயுவில் 36. வெப்பத்தில் ஹைட்ரஜனின் பங்கு 7 சதவீதம்தான் வரும். கார்பன் குறைவதும் அவ்வளவே. அதுவும் சூரிய, காற்று மின்சாரம் போன்றவற்றால் தயாரித்த பசுமை ஹைட்ரஜனாக இருந்தால். எரிவாயுவிலிருந்து எடுத்த சாம்பல் ஹைட்ரஜன் என்றால், கிலோவுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு தயாரித்த ஆலையிலேயே வெளியேறியிருக்கும். அந்த வெப்பத்தை நேரே எரிவாயுவில் எடுத்திருந்தால் 7 கிலோவோடு முடிந்திருக்கும். உங்கள் சிம்னி சுத்தம், ஊர்க்காற்று மோசம்! 2023-ல் மத்திய அரசு வகுத்தபடி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குள் இருந்தால்தான் பசுமை, சான்றிதழைக் கேளுங்கள். குஜராத்தின் காவாஸில் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. எரிவாயுவில் ஹைட்ரஜன் கலந்து கொடுக்கிறதே என்று ஆலோசகர் பதில் சொல்லக்கூடும். அது குடியிருப்பு அடுப்புகளுக்கு. அதைக் காட்டி ஃபர்னஸுக்கு விற்பது அநியாயம்.

ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸுக்கு ஹைட்ரஜன் லாபமா?

எத்தனை டிகிரி, எத்தனை டன், பில் எவ்வளவு என்று எதையும் எழுதாமல் லாபம் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். கடினமாக்கிய எஃகை மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தும் 550 டிகிரி டெம்பரிங் என்றால் மின்சாரத்துக்குப் போங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 55 யூனிட் ஆகிறது. எரித்தால் திரும்பக் கிடைப்பது 33. அந்த மின்சாரத்தை நேரே ஹீட்டருக்கே கொடுத்துவிடலாமே. எரிவாயுவிலேயே தொடர்வதென்றால், மறுபடியும் சொல்கிறேன், முதலில் ரெகுப்பரேட்டர்.

ஹைட்ரஜனில் நாக்ஸ் (காற்றை மாசாக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள்) ஏறுமா?

ஏறும். தீயின் சூடு 150 டிகிரி போலக் கூடுதல். லோ-நாக்ஸ் பர்னர் கேளுங்கள்.

தீ கண்ணுக்கே தெரியாதாமே?

பகலில் அநேகமாகத் தெரியாது. தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃபிளேம் ராடும் ஏமாறும், யூ.வி. (புற ஊதாக் கதிர்) சென்சார் போடுங்கள். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் பற்றும். கசிவு மேலே போய்த் தேங்கும், அதனால் டிடெக்டர் கூரையடியில் இருக்கட்டும்.

ஜிகனியில் அலுமினியம் காஸ்டிங் செய்கிறோம். ஹைட்ரஜனில் உருக்கினால் துளை விழுமா?

விழ வாய்ப்புண்டு. புகையில் நீராவி 19 சதவீதத்திலிருந்து 35 வரை ஏறும். அது உருகிய அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உள்ளே விடும். புகை உலோகத்தில் படாத குருசிபிள் (மூசை) என்றால் கவலை குறைவு. உருகிய உலோகத்திலிருந்து வாயுவை வெளியேற்றும் டீகேஸிங்கே செய்யாத பட்டறை என்றால் இப்போதே காஸ்டிங் துளையோடுதான் வந்துகொண்டிருக்கும்.