சிவப்பா, பச்சையா: விரல் எதற்கு முந்துகிறது?

கேள்வி: எல்இடி விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தும் கருவி ஒன்றைச் செய்து நண்பர்களைச் சோதித்தேன். பச்சைக்குச் சராசரியாக 242 மில்லிசெகண்டும் சிவப்புக்கு 268 மில்லிசெகண்டும் வந்தன. பச்சைக்கு நாம் விரைவாக எதிர்வினை புரிகிறோம் என்று முடிவு செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் அளந்தது நிறத்தை அன்று, பெரும்பாலும் பிரகாசத்தையே என்பது என் கணிப்பு. இரண்டு விளக்குகளுக்கும் ஒரே மின்னோட்டத்தைக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையில் உச்சத்தைத் தொட்டு, சிவப்பை நெருங்க நெருங்கச் சரிந்துவிடுவதால், பச்சை விளக்கு கூடுதல் பிரகாசத்துடன் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிரகாசம் கூடினால் எதிர்வினை நேரம் குறையும் என்பதைப் பிரெஞ்சு உளவியலாளர் ஆன்றி பியரோன் 1914-இலேயே ஒரு விதியாக வகுத்துவிட்டார். மங்கலான ஒளியில் விழித்திரை தன் சைகையைத் திரட்டி அனுப்பச் சற்றுத் தாமதிக்கிறது. மிக மங்கலான ஒளியைச் சிறிது கூட்டினாலே நேரம் கணிசமாகக் குறையும்; ஏற்கெனவே பளிச்சென்றிருக்கும் ஒளியை இரட்டிப்பாக்கினாலும் பெரிய மாற்றம் வராது, ஏனெனில் அப்போது எஞ்சுவது நரம்பும் தசையும் எடுத்துக்கொள்ளும் நேரம்தான்.

ஆகவே முதலில் இரண்டின் பிரகாசத்தையும் சமன் செய்யுங்கள். இரு விளக்குகளையும் ஒரே வெள்ளைத் தாளின் பின்னால் வைத்து, நொடிக்குச் சுமார் 15 முறை மாறி மாறி எரியவிடுங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மஞ்சள் போலத் தெரிந்தாலும் ஒரு துடிப்பு மட்டும் மிஞ்சும். பச்சையின் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் அந்தத் துடிப்பு ஏறக்குறைய அடங்கிவிடும். அதுவே அந்தக் கண்ணுக்குச் சமமான பிரகாசம். சிவப்பு உணர்வு குறைந்த நிறக்குறைபாடு உள்ளவருக்கு இந்த அளவு வெகுவாக மாறும் என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்வது நல்லது.

அறையை இருட்டாக்காதீர்கள், இருளில் பார்வையை ஏற்கும் கோல் செல்கள் சிவப்பை அநேகமாக உணர்வதே இல்லை. விளக்கை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள், காத்திருக்கும் நேரத்தை ஒழுங்கின்றி மாற்றுங்கள், 100 மில்லிசெகண்டுக்குக் குறைவான பதிவுகளை ஊகித்து அழுத்தியவை என்று நீக்கிவிடுங்கள். இப்படி அளந்தால் அந்த 26 மில்லிசெகண்டில் பெரும்பகுதி மறைந்துவிடும் என்றே எதிர்பார்க்கிறேன்.