வாரா வாரம் வேலைக்காகப் பறப்பவருக்கு டிஎஸ்ஏ ப்ரீசெக், க்ளியர் எல்லாம் காசு கொடுத்து வாங்கத் தகுமா?

அமெரிக்காவுக்குள்ளேயே மாதம் இரண்டு மூன்று முறை பறப்பவர் என்றால் ப்ரீசெக், அதாவது விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசுத் துறையான டிஎஸ்ஏ-வின் விரைவுச் சோதனை வரிசை, அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 5 வருடத்துக்கு 100 டாலருக்கும் குறைவு. லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம், பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், வரிசையும் பெரும்பாலும் சின்னது. ஷூ கழற்றும் தொல்லை 2025 ஜூலையில் எல்லாருக்குமே போய்விட்டது, அதனால் அதை ஒரு லாபமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெளிநாட்டுப் பயணமும் உண்டா? அப்படியானால் நேராக குளோபல் என்ட்ரி, அதாவது அமெரிக்கா திரும்பும்போது குடியேற்றச் சோதனையை வேகமாக முடிக்கும் அரசுத் திட்டம். 120 டாலர், 5 வருடம், ப்ரீசெக் அதிலேயே அடக்கம். ப்ரீசெக்குக்கு நேரடியாக விண்ணப்பிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், ஆனால் குளோபல் என்ட்ரி 2017 முதல் இந்தியக் குடிமக்களுக்கும் திறந்திருக்கிறது என்பதால் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதுதான் வழி. நேர்காணல் தேதி கிடைக்காமல் இழுக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்பி இறங்கும்போது பல விமான நிலையங்களில் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

க்ளியர் வேறு கதை, அது ஒரு தனியார் நிறுவனத்தின் சேவை. வருடத்துக்கே சுமார் 200 டாலர், அது அடையாள அட்டை காட்டும் வரிசையை மட்டும்தான் தாண்டவிடும், அப்புறம் ஸ்கேனருக்கு நீங்களும் போகத்தான் வேண்டும். கிரெடிட் கார்டு நிறுவனம் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தால் சரி, சொந்தக் காசில் நான் எடுக்க மாட்டேன்.

ஒன்று, அலுவலக டிராவல் டெஸ்க் டிக்கெட் போடும்போது ப்ரீசெக் அல்லது குளோபல் என்ட்ரியில் சேரும்போது உங்களுக்குக் கிடைத்த பயணி எண்ணைச் சேர்த்தார்களா பாருங்கள். எனக்கு ஒருமுறை விட்டுவிட்டார்கள், போர்டிங் பாஸில் ப்ரீசெக் முத்திரை இல்லை, காலை 5 மணிக்குப் பெரிய வரிசையில் நின்றேன்.