கிரெடிட் கார்டில் 78,000 பாக்கி, கையில் 1,05,000 கொட்டேஷன்: ப்ராசஸர் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வருவது 58,000 ரூபாய். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்தான் என் ஒரே பொழுதுபோக்கு. பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போது படம் திக்கித் திக்கி ஓடுகிறது. போன வருடம் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டை ஈஎம்ஐயில் வாங்கிப் போட்டும் தீரவில்லை (மாதம் 3,500, இன்னும் நான்கு தவணை). இப்போது இருப்பது ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம். ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசஸர், புது போர்டு, டிடிஆர்5 ராம் எல்லாம் சேர்த்து 1,05,000 ரூபாய் கொட்டேஷன். 12 மாத நோ காஸ்ட் ஈஎம்ஐ (வட்டியில்லாத் தவணை என்கிறார்கள்) தருகிறார்கள். ஈஎம்ஐ போக என் கிரெடிட் கார்டில் 78,000 பாக்கி இருப்பதால் லிமிட் போதாது. மைத்துனர் தன் கார்டைத் தருகிறேன் என்கிறார். மினிமம் ட்யூவை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. மாதம் 5,000 ஆர்.டி. கட்டுகிறேன், அதில் 62,000 சேர்ந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ப்ராசஸர்தான் காரணம் என்ற உங்கள் சந்தேகம் பெரும்பாலும் சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 1,05,000 இல்லை. 'மினிமம் ட்யூவை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை' என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

கணக்கைப் பாருங்கள். கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 78,000க்கு 2,730 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 490. ஆக 3,220. மினிமம் ட்யூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, பாக்கியில் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 3,900. அசலில் கழிவது 680 ரூபாய்! இது மட்டுமில்லை. முழுப் பாக்கியையும் அடைக்காதவரை, அதே கார்டில் போடும் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்பதற்கு இதுதான் பதில். இதே நிலையில் ஒரு வருடம் போனால் வட்டிக்கும் அதன் ஜிஎஸ்டிக்கும் மட்டும் ஏறத்தாழ 38,000 போயிருக்கும்.

இன்னொரு பக்கம் ஆர்.டி.யில் 62,000 தூங்குகிறது. ஏழு சதவீதத்தை ஒட்டி வட்டி வாங்கிக்கொண்டு, 42 சதவீதத்துக்குக் கடனை வைத்திருக்கிறீர்கள். சேமிப்பை உடைக்க மனசு வராது, புரிகிறது. ஆனாலும் இந்த வாரமே உடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி வட்டியில் ஒரு சதவீதம்போலக் குறைக்கலாம், போகட்டும். 62,000ஐக் கார்டில் கட்டினால் மீதி 16,000. ஆர்.டி.க்குப் போன 5,000, மினிமம் ட்யூவுக்குப் போன 3,900, இரண்டையும் சேர்த்து மாதம் 8,900 கட்டினால் இரண்டே மாதத்தில் வட்டியோடு தீர்ந்துவிடும். அதுவரை அந்தக் கார்டை வீட்டில் பூட்டி வையுங்கள்; எல்லாவற்றுக்கும் டெபிட் கார்டுதான்.

நோ காஸ்ட் ஈஎம்ஐ பற்றி எத்தனை முறை எழுதினாலும் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. 16 சதவீத வட்டி என்று எடுத்துக்கொண்டால், உங்கள் 1,05,000க்குள் சுமார் 8,500 வட்டி ஒளிந்திருக்கிறது. கடை அதைத் தள்ளுபடி என்று காட்டும். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி 1,500 சொச்சம், ப்ராசஸிங் கட்டணம், இரண்டும் உங்கள் தலையில். 'முழுப் பணமும் கையில் தந்தால் என்ன விலை?' என்று அதே கடையில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மைத்துனர் கார்டு வேண்டவே வேண்டாம். ஒரு தவணை தள்ளிப்போனாலும் கெடுவது அவருடைய சிபில் ஸ்கோர். நாளைக்கு அவர் வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியது உங்கள் மனைவி.

சரி, ப்ராசஸர். தவணை சுலபமாகக் கிடைத்ததால், எங்கே இடிக்கிறது என்று பார்க்காமலே போன வருடம் கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டீர்கள். இந்த முறை பார்த்துவிடுங்கள். சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை ஆன் செய்து எஃப்பிஎஸ் கவுண்டரை (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டுவது) திறங்கள். இறங்கும் நேரத்தில் 'லிமிடெட் பை மெயின்த்ரெட்' என்று வந்தால் ப்ராசஸர்தான் இழுக்கிறது. இந்த சிமுலேட்டர் வேலையின் பெரும்பகுதியை ஒரே த்ரெட்டில் (ஒரே வேலை வரிசையில்) ஓட்டுவதால், கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கை கூடினால் மட்டும் பெரிய பலன் இல்லை. எக்ஸ்3டி வகைக்கு நல்ல பெயர் வந்தது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் மெமரியால்: உங்கள் 3600இல் எல்3 கேஷ் 32 எம்பி, 9800எக்ஸ்3டியில் 96 எம்பி.

ஆனால் காசு போடாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயிலை (தரைக்காட்சி எவ்வளவு நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) 200இல் வைத்திருந்தால் 100க்கு இறக்குங்கள். விமான நிலைய வாகனங்களையும் மற்ற விமானப் போக்குவரத்தையும் குறையுங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அதை ஆன் செய்யாமல் 3200 வேக ராமை வருடக்கணக்கில் 2133இல் ஓட்டுகிறவர்கள் உண்டு.

அதற்கப்புறமும் திக்கினால், 1,05,000 தேவையில்லை. உங்கள் பி450 போர்டு பயாஸ் அப்டேட் செய்தால் ரைசன் 7 5800எக்ஸ்3டி அல்லது 5700எக்ஸ்3டியை ஏற்கும். அதே போர்டு, அதே ராம். 9800எக்ஸ்3டி அளவுக்கு வேகம் வராது, ஆனால் 3600இலிருந்து நல்ல ஏற்றம். புதிதாகக் கிடைப்பது கடினம், செகண்ட் ஹேண்டில் தேட வேண்டியிருக்கும். ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரோடு சேர்த்து 25,000 என்று பட்ஜெட் வையுங்கள். கார்டு பாக்கி தீர்ந்த பிறகு அதே 8,900ஐ மூன்று மாதம் ஒதுக்கினால் கையில் 26,700 இருக்கும்.

வாங்கும்போது பில் கேளுங்கள், உங்கள் கண் முன்னால் ஒரு மெஷினில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஏஎம்4 வகை ப்ராசஸரில் பின்கள் அடிப்பக்கம் இருக்கும். திருப்பிப் பிடித்து, ஏதாவது வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பாருங்கள். பயாஸ் அப்டேட்டை 3600 உள்ளே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பழைய 3600ஐக் கழற்றிய பிறகு விற்றால் கூலர் செலவில் ஒரு பகுதியாவது திரும்பி வரும்.